கோப்பையில் ஏறிய இராணியின் பெயர்

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவருக்கு ஊரார் ஒருமுறை பட்டப்பெயர் சூட்டிவிட்டால், அவர் மாண்டு மண்ணாகிப் போன பின்னரும் அப்பெயர் மாள்வதில்லை. உலகின் பெரிய ஹோட்டல்களிலும் நெடுந்தூரம் பறக்கும் விமானங்களிலும் இன்று ஒருவர் "ஒரு பிளடி மேரி கொடுங்கள்" என்று கேட்டால், செக்கச்சிவந்த பானமொன்று கண்ணாடிக் கோப்பையில் வந்து சேர்கிறது. தாம் உச்சரித்தது 450 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் இங்கிலாந்து இராணியின் பட்டப்பெயர் என்பதைக் கேட்டவரும் எண்ணுவதில்லை, கொடுத்தவரும் எண்ணுவதில்லை. தமிழில் சொன்னால் "இரத்தவெறி பிடித்த மேரி" என்றாகும் அப்பெயரை நாவில் வைத்துக்கொண்டே மனிதர் சிரித்துப் பேசிப் பொழுது போக்குகின்றனர்.

மதுபானமொன்றைப் பற்றிக் குடும்பத்தார் யாவரும் வாசிக்கும் இப்பகுதியில் எழுதுவது தகுமோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். மதுவின் பெருமையைப் பாடுவது நமது நோக்கமன்று. ஒரு பெயர் எங்ஙனம் பிறக்கிறது, ஒரு பொருளுக்கு எத்தனை பேர் உரிமை கொண்டாடுகின்றனர், அவ்வுரிமைகளில் மெய் எது பொய் எது என்று எவ்வாறு பிரித்தறிவது என்பவற்றை மாணவருக்கு எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. இறுதியிலே நமது அடுக்களைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதையும் காண்போம்.

கலவையின் இலக்கணம்

பலவகைப் பொருள்களைக் கலந்து ஆக்கும் மதுபானத்துக்குக் கொக்டெயில் என்று பெயர். அச்சொல்லுக்கு அச்சில் முதன்முதலாக விளக்கம் தரப்பட்டது 1806ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி. நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் என்னும் சிற்றூரில் வெளியான பத்திரிகையொன்று, வடித்த மது, சீனி, நீர், கசப்புச்சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே கொக்டெயில் என்று வாசகர் ஒருவருக்கு விடை கூறிற்று. பிற்காலத்தில் இந்த இலக்கணம் விரிந்து விரிந்து, எதனோடு எதனைக் கலப்பினும் கொக்டெயில் என்றாயிற்று.

பிளடி மேரியின் இலக்கணம் வேறு. பெரும்பாலான கொக்டெயில்கள் இனிப்பாகவோ கசப்பாகவோ இருக்க, இதுவோ உப்பும் புளிப்பும் உறைப்பும் கொண்டது. அதன் உடல் தக்காளிச்சாறு. அதிலே வொட்கா என்னும் ருஷ்ய மது, தேசிக்காய்ச் சாறு, உப்பு, மிளகுதூள், மிளகாய்ச் சாறு, வூஸ்டர் சோஸ் என்னும் கரிய குழம்பு ஆகியவை சேர்கின்றன. பானம் என்பதைவிட ஆறிப்போன சூப் என்று இதனைச் சொன்னாலும் பொருந்தும்.

ஒரு பிள்ளைக்கு இரு தந்தையர்

இப்பிள்ளைக்குத் தந்தை தாமே என்று முன்வந்தோர் பலர். அவர்களுள் இருவர் முக்கியமானவர்கள்.

முதலாமவர் பெர்னாண்ட் பெத்தியோ என்னும் பிரெஞ்சுக்காரர். 1900இல் பிறந்த இவர் இளமையிலே பாரிஸ் நகரில் தொனூ வீதி 5ஆம் இலக்கத்திலுள்ள நியூயோர்க் மதுச்சாலையில் பணிபுரிந்தவர். 1911இல் தொடங்கப்பட்ட அம்மதுச்சாலையை ஹரி மக்கெல்ஹோன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1923இல் விலைக்கு வாங்கித் தம் பெயரையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். முதல் மகாயுத்தத்தின் பின் பாரிஸில் குடியேறிய அமெரிக்கர் கூடும் இடம் அது. ருஷ்யப் புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்த பிரபுக்கள் தம்மோடு வொட்காவையும் பாரிஸுக்குக் கொண்டுவந்தனர் என்றும், அதனைத் தக்காளிச்சாற்றோடு பெத்தியோ 1921ஆம் ஆண்டளவில் கலந்தார் என்றும் அம்மதுச்சாலையின் கதை கூறும்.

இரண்டாமவர் ஜோர்ஜ் ஜெசல் என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகர். 1975இல் வெளியான தமது சுயசரிதையில், 1927ஆம் ஆண்டு புளொரிடா மாநிலத்தின் பாம் பீச் நகரில் இரவெல்லாம் விருந்துண்டு களித்த பின், மறுநாட் காலையில் தலைச்சுற்றலுக்கு மருந்தாகத் தாமே இதனைக் கலந்ததாக அவர் எழுதினார். அப்போது அங்கு வந்த மேரி பிறவுண் வோபேட்டன் என்னும் செல்வச் சீமாட்டி தமது வெண்பட்டு உடையிலே இதனைக் கொட்டிக்கொண்டு, தம்மைத் தாமே "பிளடி மேரி" என்று பரிகசித்துச் சிரித்தாராம். கேட்பதற்கு எவ்வளவு இனிய கதை!

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் அல்லவா? விசாரிப்போம்.

பாரிஸ் கதைக்குப் பெரிய இடையூறு தக்காளிச்சாறுதான். 1917இல் இந்தியானா மாநிலத்துப் பிரெஞ்ச் லிக் என்னும் ஊரின் ஹோட்டலொன்றில், தோடம்பழச் சாறு தீர்ந்துபோகவே லூயி பெறின் என்னும் சமையற்காரர் தக்காளியைப் பிழிந்து சீனியும் சோஸும் சேர்த்து விருந்தினருக்குக் கொடுத்தார் என்பர். பேணியில் அடைத்த தக்காளிச்சாறு அமெரிக்கச் சந்தைக்குப் பெருவாரியாக வந்ததோ 1920களின் கடைசியில்தான். எனவே 1921இல் பாரிஸில் அது மதுச்சாலையின் தட்டிலே தயாராக இருந்தது என்று நம்புவது எளிதன்று. மேலும், ஹரி மக்கெல்ஹோன் 1927இல் வெளியிட்ட கொக்டெயில் நூலில் இப்பானத்தின் பெயரே காணப்படவில்லை. தமது சாலையிலேயே பிறந்த பிள்ளையைத் தமது நூலிலேயே ஒருவர் மறப்பாரா?

ஜெசலின் கதைக்கோ ஒரு சாட்சி உண்டு. ஆயினும் அச்சாட்சியே கதையைச் சற்று அசைத்தும் விடுகிறது. 1939ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூன் பத்திரிகையில் லூசியஸ் பீபி என்னும் எழுத்தாளர், ஜெசல் உபயோகிக்கும் புத்தம்புதிய பானம் ஒன்று நகரத்தின் கவனத்தை ஈர்த்திருக்கிறது என்றும், பாதி தக்காளிச்சாறு பாதி வொட்கா கொண்ட அதன் பெயர் பிளடி மேரி என்றும் குறிப்பிட்டார். ஜெசலின் பெயர் இங்கே தெளிவாக நிற்கிறது. ஆனால் 1927இல் பிறந்த பிள்ளை 1939இல் "புத்தம்புதிது" ஆவது எங்ஙனம்? பன்னிரண்டு வயதுப் பாலகனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுவது போலன்றோ இது! நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தபின் எழுதிய சுயசரிதையைக் காட்டிலும், அன்றைய தினமே அச்சான பத்திரிகை வரிக்கு அதிக மதிப்புக் கொடுப்பது சரித்திர ஆராய்ச்சியின் பாலபாடம்.

இவ்வழக்குக்கு நியாயமான தீர்ப்பைக் கூறியவர் வேறெவருமல்லர், பெத்தியோவே கூறினார். 1934ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய மறு வருஷம், அவர் நியூயோர்க் நகரத்துச் சென்ற் ரீஜிஸ் ஹோட்டலில் பணியேற்று, அங்குள்ள கிங் கோல் மதுச்சாலையில் புகழ்பெற்றார். 1964ஆம் ஆண்டு நியூயோர்க்கர் சஞ்சிகைக்கு அளித்த பேட்டியிலே, ஜெசல் தாமே ஆக்கியதாகக் கூறுவது உண்டு. ஆயின் அதனை நான் கையேற்றபோது அது வெறும் வொட்காவும் தக்காளிச்சாறும்தான். இன்றைய பிளடி மேரியை உருவாக்கியவன் நான் என்ற கருத்துப்பட அவர் பேசினார். குலுக்கும் பாத்திரத்தின் அடியிலே உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், வூஸ்டர் சோஸ் ஆகியவற்றை இட்டு, தேசிக்காய்ச் சாறும் நொறுக்கிய பனிக்கட்டியும் சேர்த்து, ஈரவுன்சு வொட்காவும் ஈரவுன்சு கெட்டித் தக்காளிச்சாறும் ஊற்றிக் குலுக்கி வடிப்பதே தமது முறை என்றும் விவரித்தார்.

சுருங்கச் சொன்னால், ஒருவர் பெற்றார், மற்றவர் வளர்த்தார். உரிமைப் போராட்டத்தில் எதிராளிக்குரிய பங்கை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் மனிதரின் சொல்லுக்கே அதிக நம்பிக்கை ஏற்படுகிறது. இதுவும் மாணவர் நினைவில் வைக்கத்தக்கது.

வொட்கா வந்த வழி

"வொட்கா" என்பது நீர் என்று பொருள்படும் "வோதா" என்னும் ருஷ்யச் சொல்லின் குறுக்கம். "சிறுநீர்மை" என்று சொல்லலாம், செல்லப்பெயர் போன்றது. மொஸ்கோ நகரின் பெரும் வொட்கா வியாபாரியான ஸ்மிர்னோவின் மக்களுள் ஒருவர் 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரிடமிருந்து அமெரிக்க உரிமையை 1933இல் ருடோல்ப் குனெற் என்பவர் பெற்றார். வியாபாரம் நடக்கவில்லை. 1939இல் ஹியூப்லைன் கம்பனியின் தலைவர் ஜோன் மார்ட்டின் அவ்வுரிமையை 14,000 டொலருக்கு வாங்கியபோது, அவருடைய சகாக்களே அதனை வீண்செலவு என்று எண்ணினர். அமெரிக்கர் விஸ்கியும் ஜின்னும் அறிந்தவர். மணமும் சுவையும் நிறமும் அற்ற மதுவை எவர் வாங்குவார்?

அக்குறையே பின்னர் நிறையாயிற்று. தனக்கென ஒரு சுவை இல்லாதது எதனோடும் சேரும் அல்லவா? 1941இல் மார்ட்டின், லொஸ் ஏஞ்சலிஸ் நகர மதுச்சாலை முதலாளி ஜக் மோர்கனோடு கூடி, வொட்காவை இஞ்சிப் பியருடன் கலந்து "மொஸ்கோவின் கோவேறு கழுதை" என்று பெயரிட்டுச் செப்புக் குவளையிலே விற்றார். 1950களில் ஸ்மிர்னோவ் விளம்பரங்களில் ஜெசல் தோன்றிப் பிளடி மேரியின் பிறப்பைத் தமதாக்கிக் கொண்டார். பிள்ளைக்குத் தந்தை யார் என்ற வழக்கிலே விளம்பரப் பணமும் ஒரு சாட்சியாக ஏறியதை நாம் கவனிக்க வேண்டும். 1967இல் அமெரிக்க விற்பனையில் வொட்கா ஜின்னை முந்தியது.

எந்த மேரி?

பெயருக்கு வருவோம். சீமாட்டி வோபேட்டன் என்பது ஜெசலின் கூற்று. பேசாப்படக் காலத்துப் பெருநடிகை மேரி பிக்போர்ட்டின் பெயரே என்பார் சிலர். ஆனால் அவர் பெயரால் றம்மும் அன்னாசிச் சாறும் கலந்த வேறொரு கொக்டெயில் ஏற்கெனவே இருக்கிறது. சிக்காகோ நகரத்து மதுச்சாலையொன்றில் பரிமாறிய மேரி என்னும் பெண்ணைச் சுட்டுவார் வேறு சிலர்.

மேரி யாராயினும் ஆகுக. "பிளடி மேரி" என்ற தொடர் இவர்கள் எவரும் பிறக்குமுன்னரே ஆங்கிலம் பேசுவோர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த தொடர். சிவந்த பானத்தையும் மேரி என்னும் பெயரையும் ஒருங்கே கண்ட எவருக்கும் அது தானே நாவில் வந்திருக்கும். சென்ற் ரீஜிஸ் ஹோட்டலார் அப்பெயர் தங்கள் விருந்தினருக்கு அநாகரிகமாகப்படும் என்று கருதி "செங்கண்ணி" என்னும் மீனின் ஆங்கிலப் பெயரை இப்பானத்துக்கு இட்டனர். 1941இல் வெளியான ஒரு கொக்டெயில் நூலிலும் அது அப்பெயருடனேயே இடம்பெற்றது. என்ன பயன்? ஊர் வாயிலே மீன் நிற்கவில்லை, மேரியே நின்றாள்.

அந்த மேரி யார்? எட்டாம் ஹென்றி மன்னனுக்கும் ஸ்பானிய இளவரசி கதரீனுக்கும் 1516ஆம் ஆண்டு பெப்ரவரி 18இல் பிறந்த மகள். ஆண்மகவு வேண்டி மன்னன் கதரீனை விலக்கியபோது, பதினேழு வயதுப் பெண்ணான மேரி முறைதவறிப் பிறந்தவள் எனப்பட்டாள். தாயைக் காண்பதற்கும் அவளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தாய் இறந்தபோது அருகிருக்கவும் கிடைக்கவில்லை. 1553இல் தம்பி ஆறாம் எட்வர்ட் இறக்க, ஒன்பது நாள் அரசியான ஜேன் கிரேயை அகற்றி, மக்கள் ஆரவாரத்தின் நடுவே மேரி இலண்டனுள் நுழைந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி முடிசூடி, தம் சொந்த உரிமையில் இங்கிலாந்தை ஆண்ட முதற் பெண் என்னும் இடத்தைப் பெற்றார்.

அவர் ஆட்சி ஐந்தே ஆண்டு. கத்தோலிக்க சமயத்தை மீண்டும் நிலைநாட்ட முனைந்த அவர் காலத்தில், 1555 பெப்ரவரி தொடங்கிச் சமயக் குற்றஞ் சாட்டப்பட்ட ஏறக்குறைய 280 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். லற்றிமர், றிட்லி, கிரான்மர் முதலிய குருமாரோடு, நெசவாளரும் வேலைக்காரரும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். இக்கொடுமையை எவ்வகையாலும் மறைக்கவும் இயலாது, மன்னிக்கவும் இயலாது. 1558 ஜனவரியில் பிரெஞ்சுக் கரையிலிருந்த கலே நகரையும் இழந்து, பிள்ளைப்பேறும் இன்றி, அவ்வாண்டு நவம்பர் 17இல் தம் 42ஆவது வயதில் மேரி மறைந்தார்.

ஆயின் இரத்தத்தில் நீந்திய அரசர் அவர் ஒருவர்தாமா? தந்தை ஹென்றி தம் மனைவியர் இருவரையே சிரச்சேதம் செய்வித்தார். தங்கை எலிசபெத்து, 1569இல் வடநாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிடச் செய்தார். அவர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாரும் கொல்லப்பட்டனர். ஆனால் அவருக்கோ "நல்ல அரசி" என்ற பெயர்! காரணம் யாது? மேரியின் பின் நாட்டை ஆண்டது அவர் எதிர்த்த சமயம். 1563இல் ஜோன் பொக்ஸ் என்பார் எரியுண்டவர்களின் கதைகளை உருக்கமான மரச்செதுக்குப் படங்களுடன் பெருநூலாக வெளியிட்டார். அது தலைமுறை தலைமுறையாக வீடுகளிலும் கோயில்களிலும் வாசிக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. வென்றவர் எழுதும் ஏட்டிலே தோற்றவரின் குற்றம் மாத்திரம் பெரிய எழுத்தில் நிற்கிறது. இன்றோ, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அக்காளும் தங்கையும் ஒரே கல்லறையில் உறங்குகின்றனர். மேலே கிடக்கும் சிலை எலிசபெத்தினுடையது மாத்திரமே.

இராணியும் ருஷ்யாவும்

இவ்விடத்தில் ஒரு வியத்தகு பொருத்தத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1553இல் வடகடல் வழியே கீழ்த்திசை செல்லப் புறப்பட்ட ஆங்கிலக் கப்பல்களுள் ஒன்று வழிதவறி வெண்கடலை அடைந்தது. அதன் தலைவரான ரிச்சர்ட் சான்சலர் பனிவெளியைக் கடந்து மொஸ்கோ சென்று, "பயங்கர இவான்" என்று சரித்திரம் அழைக்கும் மன்னனைக் கண்டு திரும்பினார். ருஷ்யாவோடு வியாபாரம் செய்ய ஏற்பட்ட மஸ்கோவிக் கம்பனிக்கு 1555இல் அரச பட்டயம் வழங்கியவர் வேறெவருமல்லர், இந்த மேரியேதான். மறு ஆண்டு ருஷ்யத் தூதரான ஓசிப் நெப்பேயாவை ஏற்றிவந்த கப்பல் ஸ்கொத்லாந்துக் கரையில் உடைந்தது. சான்சலர் உயிர் துறந்தார். தூதரோ தப்பி, 1557இல் இலண்டனை அடைந்து மேரியின் அவையில் வரவேற்கப்பட்டார்.

இங்கிலாந்துக்கும் ருஷ்யாவுக்கும் கதவு திறந்த அரசியின் பெயர், நான்கு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவிலே ருஷ்ய மதுவோடு கலந்தது. இதனைத் திட்டமிட்டவர் ஒருவருமிலர். மேரியோ வொட்காவைச் சுவைத்தவரல்லர், தக்காளியையும் அறிந்தவரல்லர். அமெரிக்கக் கண்டத்துக் கனியான தக்காளியைப் பற்றி அவர் இறந்து நாற்பதாண்டு கழிந்தபின், 1597இல் மூலிகை நூலெழுதிய ஜோன் ஜெரார்ட் கூட அதனை நாற்றமுடையது என்றே இகழ்ந்தார்.

கிளைத்த வகைகள்

ஒரு மரம் வளர்ந்தால் கிளைவிடுவது இயல்பு. வொட்காவுக்குப் பதிலாக ஜின் சேர்த்தால் இன்று அதற்கே "செங்கண்ணி" என்று பெயர். மெக்சிக்கோவின் டெக்கீலாவைச் சேர்த்தால் மேரி "மரியா" ஆகிவிடுகிறாள். தக்காளிச்சாற்றோடு மாட்டிறைச்சிச் சாறும் சேர்வது "காளை" வகை. கோப்பையிலே செலரித் தண்டு செருகும் வழக்கம் சிக்காகோ நகரத்து ஹோட்டலொன்றில், கலக்கும் குச்சி கிடைக்காத விருந்தினர் ஒருவர் பக்கத்துத் தட்டிலிருந்த தண்டை எடுத்துக் கலக்கியதால் பிறந்தது என்பது வழிவழிக் கதை.

கனடா நாட்டில் இதற்குத் தனிக் குடும்பமே உண்டு. 1969இல் கல்கரி நகரத்து ஹோட்டலொன்று புதிய இத்தாலிய உணவகம் திறந்தபோது, வோல்ற்றர் செல் என்பவர் மட்டிச் சதையோடு பரிமாறும் இத்தாலிய உணவை நினைத்து, தக்காளியோடு மட்டிச் சாற்றையும் கலந்து "சீசர்" என்று பெயரிட்டார். இன்று கனடியர் அதனைத் தம் தேசியச் சொத்தென்றே கொண்டாடுகின்றனர். எழுத்தாளர் ஹெமிங்வேயோ, 1947இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், 1941இல் ஹொங்கொங்குக்கு இதனை அறிமுகப்படுத்தியவர் தாமே என்றும், அந்நகரின் வீழ்ச்சிக்கு யப்பானியப் படைக்கு அடுத்த காரணம் இதுவே என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

வகைகள் யாவற்றினும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. வொட்காவை முற்றாக நீக்கினால் கிடைப்பது "கன்னி மேரி". அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

சுவையின் இரகசியம்

தக்காளியும் நெத்தலியும் புளியும் சேர்ந்தால் நாவூறுவதேன்? யப்பானியப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேற் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு "உமாமி" எனப் பெயரிட்டார். பழுத்த தக்காளியில் அது நிறைய உண்டு. வூஸ்டர் சோஸிலோ ஊறிய நெத்தலி மீன் உண்டு. நெத்தலியிலுள்ள மற்றொரு பொருள் தக்காளியின் குளுட்டமேற்றைச் சந்திக்கும்போது அச்சுவை பன்மடங்கு பெருகும். நமது வீடுகளில் நெத்தலிக் குழம்புக்குத் தக்காளி போடும் தாய்மார் இவ்விஞ்ஞானத்தை ஏடு படியாமலே அறிந்தவர்.

ஆகாய விமானத்தில் தக்காளிச்சாறு விரும்பப்படுவதற்கும் இதுவே காரணம். ஜெர்மனியின் பிறவுண்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தார், லுப்தான்சா விமான நிறுவனத்தின் வேண்டுகோளின்படி, வான்வெளியின் குறைந்த காற்றழுத்தத்தை நிலத்திலேயே உண்டாக்கிச் சோதித்து, அந்நிலையில் உப்பும் இனிப்பும் மங்கித் தோன்றுவதை 2010இல் வெளியிட்டனர். 2015இல் அமெரிக்கக் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார், விமானத்தின் பேரிரைச்சல் இனிப்பைக் குறைத்து உமாமியைக் கூர்மையாக்குகிறது என்று கண்டனர். தரையிலே மண்வாசனை வீசும் தக்காளிச்சாறு, முப்பதாயிரம் அடி உயரத்திலே இனிய கனியாகிறது.

விடியற்கால மருந்தா?

முதல்நாட் குடியின் மயக்கத்தை மறுநாட் காலையில் இது தீர்க்கும் என்னும் நம்பிக்கையே பிளடி மேரியைப் பகற்பொழுதுப் பானமாக்கியது. இது பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதை ஒக்கும். புதிய மது வேதனையை மறக்கச் செய்கிறதேயன்றி நீக்குவதில்லை. ஈரலுக்கோ வேலை இரட்டிப்பாகிறது. தக்காளிச்சாறும் உப்பும் உடலிழந்த நீரையும் உப்பையும் ஓரளவு திருப்பித் தரும். ஆகவே அதிலே நன்மை ஏதும் இருப்பின், அது வொட்காவை ஒழித்த மிச்சத்தினாலேயே.

மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமறத் தெளிந்த பொருள்களின் வரிசையில் 1988இலேயே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரால் சேர்க்கப்பட்டுவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலகச் சுகாதார நிறுவனமும் அறிவித்தது. செந்நிறமும் மிளகு மணமும் கண்டு மதுவை உணவென மயங்குவதே இக்கோப்பையின் உண்மையான அபாயம்.

நமது அடுக்களைக்கு

இப்போது கோப்பையைப் பகுத்துப் பாருங்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டம் உலகுக்கு அளித்தவை. மிளகு நமது அயலான மலையாளக் கரையின் செல்வம். வூஸ்டர் நகரத்து மருந்துக்கடைக்காரரான லீயும் பெறின்சும் 1837இல் விற்கத் தொடங்கிய சோஸில், வினாகிரியோடும் உள்ளியோடும் நமது புளியும் கரைந்திருக்கிறது. தக்காளி, புளி, மிளகு, மிளகாய், உள்ளி, உப்பு! இவை ஒருங்கே சேர்ந்த சட்டிக்கு நமது வீட்டில் என்ன பெயர்? இரசம் அல்லவா? பெத்தியோ தம் பாத்திரத்தில் குலுக்கியது ஏறக்குறைய நமது இரசத்தின் தூரத்து உறவுதான். அடுப்பில் ஏறாமல் பனிக்கட்டியில் இறங்கியது ஒன்றே வேற்றுமை.

வொட்காவின் பங்கு என்ன? தனித்த குணம், மணம், சுவை, நிறம் எதுவும் இல்லாததே வொட்கா என்று அமெரிக்க அரசாங்கமே 1949இல் விதி வகுத்து, 2020 வரையும் அதனை வைத்திருந்தது. எனவே இக்கோப்பையில் நாவுக்கு இனிமை தருவன அனைத்தும் அடுக்களைப் பொருள்கள். மயக்கமும் தீமையும் தருவதோ சுவையற்ற அந்த ஒன்றே. அதனை நீக்கினால் சுவையில் இழப்பது அற்பம். நலத்தில் பெறுவதோ பெரிது. "கன்னி மேரி"யின் பாடம் இதுவே.

வேண்டுவோர் வீட்டிலே செய்து பார்க்கலாம். நன்கு பழுத்த தக்காளி நான்கை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, பிழிந்து வடித்து, குளிரவையுங்கள். அதில் பாதித் தேசிக்காயின் சாறு, அரைத் தேக்கரண்டி புளிக்கரைசல், உப்பு, புதிதாய்ப் பொடித்த மிளகு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் சேர்த்துக் கலக்குங்கள். வெயிற்காலத்து மத்தியானத்தில் களைத்து வரும் பிள்ளைகளுக்கு இதனைவிடச் சிறந்த உபசாரம் இல்லை.

பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்டால், தாயின் முகங்காண ஏங்கிய ஒரு சிறுமி பிற்காலத்தில் அரசியாகி, பிறர் கண்ணீருக்குக் காரணமாகி, அந்த ஒன்றினாலேயே என்றென்றும் அறியப்பட்ட கதையைச் சொல்லுங்கள். அவள் செய்த குற்றத்தை மறைக்க வேண்டாம். அவள் பட்ட துன்பத்தையும் மறைக்க வேண்டாம். மனிதரை ஒரே சொல்லில் அளந்துவிடும் பட்டப்பெயர் எத்துணைப் பொல்லாதது என்பது, அக்கோப்பை காலியாகுமுன் அவர்களுக்கு விளங்கிவிடும்.